பெயர் சொல்லி ஜெபம்

எங்கள் தலைமையாசிரியை ரத்தினபாய் மேடத்துக்கு அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்றுகூட நினைவில் நிற்காது. எதை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று அலுவலகத்தில் யாராவது அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பள்ளியில் படிக்கிற நானூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் பெயர், அப்பா அம்மா பெயர், யார் வீட்டில் யாருக்கு என்ன நோவு, எல்லாம் அத்துப்படி. எப்படி மேடம் என்று கேட்டால், "தெனமும் சொல்லுகேன்லா, பின்ன எப்படி மறக்கும்?" என்பார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஏற்காட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை. ஒற்றைப் பிள்ளையைக்கூட "மக்களே" என்றுதான் கூப்பிடுவார்.

அவர் தினமும் சொல்வது ஆண்டவரிடம். காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, ஒரு பிள்ளை வேத வசனம் வாசித்ததும், மேடம் மைக்குக்கு முன்னால் வந்து கண்ணை மூடுவார். ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பின் முறை. அந்த வகுப்பில் இருக்கிற அத்தனை பேரையும் பெயர் சொல்லி, அவரவர்க்கு என்ன தேவையோ அதைக் கேட்பார். கொட்டச்சேடு ஊர்ப் பையனின் காதுவலி, புதிதாகத் தங்கச்சி பிறந்த பிள்ளையின் சந்தோஷம், பெருக்கல் வாய்ப்பாடு ஏறாதவனின் மண்டை, எதையும் விடமாட்டார். தங்கள் முறை வரும் நாளில் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவார்கள். ஆண்டவர் பார்க்கப் போகிறார் அல்லவா! பிள்ளைகளில் பெரும்பாலோர் எங்களைப் போல மாரியம்மனையும் பெருமாளையும் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனாலும் பெற்றவர்கள் வந்தால் மார்க்கைக் கேட்பதற்கு முன் "எங்க புள்ள பேரச் சொன்னீங்களா மேடம்?" என்றுதான் கேட்பார்கள்.

நான் சிவசக்தி, மஞ்சக்குட்டைக்காரி. இந்த மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். திங்கட்கிழமை ஆசிரியர்களின் முறை. சிவனையும் சக்தியையும் ஒரே மூச்சில் இயேசுவிடம் ஒப்படைக்கிற துணிச்சல் இந்த மலையில் ரத்தினபாய் மேடம் ஒருவருக்குத்தான் உண்டு. முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம், அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

ஜெபத்தின்போது நான் கண்ணை மூட மாட்டேன். இது பக்திக் குறைவு அல்ல, அனுபவம். எல்லாரும் கண்ணை மூடுகிற நேரம் பார்த்துத்தான் எட்டாம் வகுப்புப் பையன்கள் ஒருவன் சட்டையில் ஒருவன் பசை தடவுவார்கள். மேடத்துக்கும் இது தெரியும். "நீங்க முழிச்சிருங்க சிவசக்தி. காவலுக்கு ஒரு ஆள் வேணும்லா" என்று சொல்லிவிட்டார். ஆகவே பத்து வருஷமாக அந்த மைதானத்தில் திறந்திருக்கிற கண்கள் என்னுடையவை மட்டுந்தான்.

அலுவலகத்தை ஒட்டி ஒரு சிறிய அறை உண்டு. ஒரு பெஞ்சும் ஒரு ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களும். பெரிய முடிவு எடுக்க வேண்டுமென்றால் மேடம் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கல்வி அதிகாரியே வந்து காத்திருந்தாலும் "மேடம் ஜெபத்துல இருக்காங்க" என்பதுதான் பதில். எனக்கு இது எரிச்சலாக இருந்த காலமும் உண்டு. ஒருமுறை நிர்வாகக் குழுவில், தேறமாட்டாத பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே கழற்றிவிட்டால் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு காட்டலாம் என்று பேச்சு வந்தது. கழற்றிவிடப் போகிறவர்கள் அத்தனை பேரும் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள். மேடம் அந்த அறைக்குள் போனார். அவர் குரல் வராந்தா வரைக்கும் கேட்கும், அப்படித்தான் ஜெபிப்பார். உள்ளே அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்து குழுவினரிடம், "எல்லாப் பிள்ளையளும் எழுதும். இத்தன பேரையும் அவரு முன்னால சொல்லிட்டு வந்துட்டேன், இனி எந்தப் பேர வெட்டச் சொல்லுதீங்க?" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அன்றிலிருந்து எனக்கு அந்த எரிச்சல் இல்லை.

இப்படிப்பட்ட மேடம்தான் அந்தத் தை மாதத்தில் அப்படி ஒரு காரியம் செய்தார்.

பத்தாம் வகுப்பில் சசிரேகா என்று ஒரு பெண். நாகலூர் பக்கத்து எஸ்டேட் லைனில் வீடு. அப்பா ராஜ்குமாருக்கு மரமேறி மிளகு பறிக்கிற வேலை, அம்மா வேலம்மாள் காப்பிக் காட்டில். பெண் கணக்கில் சுமார்தான், ஆனால் விடாப்பிடியாக முட்டிமோதிப் பாஸாகிற ரகம். அதிகம் பேச மாட்டாள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவள் மேடத்தின் அறையிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தேன். அழுதிருந்தாலும் முகம் தெளிந்து இருந்தது. மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள் போல, நல்லது என்று நினைத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை, பத்தாம் வகுப்பின் முறை. பனி இறங்கிக் கொடிக்கம்பத்தின் பாதிதான் தெரிந்தது. மேடம் கண்ணை மூடி வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். சசிரேகாவின் பெயர் வந்ததும் அவர் குரல் தழுதழுத்தது.

"ஆண்டவரே, சசிரேகாவை உம்முடைய கரத்தில் வைக்கிறோம். அவளுடைய தகப்பன் ராஜ்குமாரைக் குடியிலிருந்து விடுவியும். அவர் தினமும் குடித்துவிட்டு வந்து இந்தப் பிள்ளையின் புத்தகத்தைப் பிடுங்கி எறியாதபடி செய்யும். இவள் பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகையில் ஒளிந்து உட்கார்ந்து படிக்கிற நிலைமையை மாற்றும்."

மைக்கில். நானூறு பிள்ளைகளுக்கும் கேட்கும்படி.

திறந்த கண்ணோடு நின்றிருந்த நான் பார்த்தேன். பத்தாம் வகுப்பு வரிசை முழுக்கக் கண்ணைத் திறந்து அவள் பக்கம் திரும்பியது. ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்தான். சசிரேகா யாரையும் பார்க்கவில்லை, கண்மூடி நிற்கிற மேடத்தை மட்டும் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு விலகி, கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நான் ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் பனியில் ஆளே தெரியவில்லை. மேடம் "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் எதிரே யார் என்று பார்க்க மாட்டேன். நேராக அவர் அறைக்குப் போனேன்.

"ஏனுங்க மேடம், நீங்க கண்ண மூடிட்டா ஊரே காத மூடிக்கும்னு நெனச்சீங்களா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நான் ஆண்டவர்கிட்டதானே சொன்னேன் சிவசக்தி?"

"மைக் வச்சுச் சொன்னீங்க."

அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து அந்தச் சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு மறுபடியும் ஜெபமா என்று வராந்தாவில் நின்று பொருமினேன். ஆனால் உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. எப்போதும் வராந்தா வரைக்கும் கேட்கிற குரல் அன்றைக்குக் கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

வெளியே வந்தவர் சால்வையை எடுத்துக்கொண்டார். பள்ளியைப் பார்த்துக்கொள்ளும்படி பி.டி. மாஸ்டர் அன்பழகனிடம் சொன்னார். "வாங்க, நாகலூருக்குப் போவோம். நான் தனியாப் போனா அந்தப் பிள்ளை கதவத் தொறக்காது."

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வந்த ஜீப்பில் ஏறிக்கொண்டோம். லைன் வீடுகளுக்கு முன்னால் இறங்கியதுமே தெரிந்துவிட்டது, செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே. குழாயடியில் நின்ற பெண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

வீட்டு வாசலில் வேலம்மாள் நின்றிருந்தார். காப்பிக் காட்டிலிருந்து பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறார், இடுப்பில் கட்டிய சாக்குகூட அவிழ்க்கவில்லை. "வாங்க" என்று சொன்னாரே தவிர வழிவிடவில்லை.

"குடிச்சுப்போட்டு வந்தா அவரு ஊட்டுக்குள்ளதானுங்க கத்துவாரு" என்றார் வேலம்மாள். "நாங்க கதவச் சாத்திக்குவோம். நீங்க கதவையே கழட்டிப்போட்டீங்களே மேடம்."

மேடம் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. உள்ளே இருந்த பெண்ணுக்குக் கேட்கும்படி, "சசிரேகா, நான் ரத்தினபாய் வந்திருக்கேன். எனக்க தப்புதான் மக்களே. ஒனக்க கிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்" என்றார்.

உள்ளேயிருந்து வந்த பதில் அழுகை இல்லாத குரலாக இருந்தது.

"சாமிகிட்டச் சொல்றதுன்னா நானே சொல்லியிருப்பனுங்க மேடம். உங்ககிட்டத்தான் சொன்னேன்."

நான் எத்தனையோ அதிகாரிகள் மேடத்தைத் திட்டிப் பார்த்திருக்கிறேன். எதற்கும் அசையாத அந்த முகம் இதற்கு உடைந்துபோனது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இனி வர்லீங்க" என்றாள் உள்ளேயிருந்து. "திங்கக்கெழம மத்தியானம் மில்லு வேன் வருது. பக்கத்து லைன் தங்கம்மா அக்கா புள்ளைங்க வேலைக்குப் போறாங்க. அவிங்களோட நானும் போறேன்."

பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நூல் மில் வேலைக்குப் போன பிள்ளை திரும்பி வந்து பரீட்சை எழுதியதை நான் பார்த்ததில்லை. "கண்ணு, எங்கிட்டப் பேசு சாமி" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் ராஜ்குமார் வந்தார். தோளில் மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணி. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். குடித்திருக்கவில்லை, கண் மட்டும் சிவந்திருந்தது. ஏணியில் நிற்கும்போதே கீழே இருந்தவர்கள் சொல்லிச் சிரித்தார்களாம், ஏசுசாமிகிட்ட உம்பேரு போயிருச்சாம்டா, இனி கடைப்பக்கம் வராதே என்று. இப்போது குடியை நிறுத்தச் சொல்லிப் பிரசங்கம் பண்ணப் போகிறார்கள் என்று நினைத்து, பதிலுக்குத் தயாராக நின்றார்.

மேடம் கைகூப்பினார். "உங்க பேர உங்களக் கேக்காம எடுத்துட்டேன் ஐயா. மன்னிக்கணும்."

அவ்வளவுதான். குடி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ராஜ்குமாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எங்கிட்ட எதுக்குங்க..." என்று இழுத்தார். பிறகு குழாயடியைத் திரும்பிப் பார்த்தார், அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் இறுகியது.

"இங்க வந்து சொன்னா ஆச்சுங்களா? நாலு பேரு காதுல போட்டத நாலு பேரு முன்னாலதான் எடுக்கோணும். திங்கக்கெழம காலைல நா புள்ளையக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்கு வாறேன். சொன்னத எடுத்தீங்கன்னா புள்ள அங்க இருக்கும். இல்லீன்னா மத்தியானம் வேன்ல ஏறிப் போயிரும்."

"சரி" என்றார் மேடம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "புஸ்தகத்தப் புடுங்கி எறிஞ்சது நீங்க, மன்னிப்புக் கேக்கறது அவுங்களா?" என்று ஆரம்பித்தேன். மேடம் என் கையை அழுத்திப் பிடித்தார், நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர் அறையில் இதே பேச்சு. சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது? அந்த ஆள் குடிப்பதில்லை என்று மைக்கில் சொன்னால் அது பொய். எனக்கு யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னால் சசிரேகா பொய்க்காரி ஆகிவிடுவாள். அன்பழகன் ஒரு வழி கண்டுபிடித்தார். "மேடம், இந்த மலையில எத்தனையோ ராஜ்குமாரு இருக்காங்க. அது வேற ராஜ்குமாருன்னு சொல்லிப்போடலாங்க."

"அப்ப அந்த வேற ராஜ்குமார்கிட்ட யாரு போய் மன்னிப்புக் கேக்கது?" என்றார் மேடம்.

எல்லாருக்கும் சிரிப்பு வந்தது, மேடத்துக்கும்தான். ஆனால் வழி கிடைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுங்கள் மேடம், தலைமையாசிரியை மைக்கில் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு எந்தப் பிள்ளை பயப்படும் என்று ஒரு சிலர் சொன்னார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேடம் அந்தச் சிறிய அறையைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்ததாகவும், சத்தமே வரவில்லை என்றும் வாட்ச்மேன் சொன்னார்.

திங்கட்கிழமை காலை கேட்டுக்கு உள்ளே, வாட்ச்மேன் கொட்டகையை ஒட்டி ராஜ்குமார் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பக்கத்தில் சசிரேகா, யூனிஃபாரம் இல்லாமல் வீட்டு உடையில். காலடியில் ஒரு துணிப்பை. வேனுக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

வசனம் வாசித்து முடிந்தது. மேடம் மைக்குக்கு வந்தார். பிள்ளைகள் பழக்கத்தில் கண்ணை மூடினார்கள்.

"கண்ணைத் திறங்க மக்களே. இது ஜெபம் இல்லை" என்றார்.

"வியாழக்கிழமை நான் இந்த இடத்தில் நின்று ஒரு தப்பு செய்தேன். ஒரு பிள்ளை என்னை நம்பி என்னிடம் ஒன்று சொன்னாள். அது எனக்கு மட்டும் சொன்னது. அதை எடுத்து நான் உங்கள் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். ஜெபம் என்று நினைத்துத்தான் செய்தேன். ஒரு வீட்டுக் கதவை அந்த வீட்டுக்காரரைக் கேட்காமல் திறந்து காட்டினால் அதற்கு ஜெபம் என்று பேர் கிடையாது. நான் சொன்னது உண்மையா பொய்யா என்று யாரும் கேட்காதீர்கள். அதைப் பேச எனக்கு உரிமையே இல்லை, அதுதான் விஷயம். சசிரேகா, என்னை மன்னிக்கணும் மக்களே. ராஜ்குமார் ஐயா, நீங்களும் மன்னிக்கணும்."

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் மைக்கைப் பிடித்தார்.

"மத்தப் பிள்ளைகளிடம் எனக்கு ஒன்று கேட்கணும். அன்றைக்குக் கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்க. பஸ்ஸிலே பேச வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். தலைமையாசிரியை தப்பு செய்தாங்க, மன்னிப்புக் கேட்டாங்க என்று வேண்டுமானால் வீட்டில் சொல்லுங்க. அதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்."

பிறகு மைக்கை அணைத்தார். அணைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஆசிரியர்களின் முறை அல்லவா, எங்கள் பெயர்களைச் சொல்கிறார் என்று உதடு அசைவதில் தெரிந்தது. என் பெயர் வந்ததும் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. எட்டாம் வகுப்புப் பையன்கள்கூட அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்கே தலைவியாக இருக்கிற ஒருத்தர் இப்படி நின்று நான் பார்த்ததில்லை, இனிப் பார்ப்பேனா என்றும் தெரியவில்லை.

நான் கேட்டுக்குப் போனேன். ராஜ்குமார் எதிரே பார்த்தபடி நின்றிருந்தார்.

"போதுங்களா?" என்று கேட்டேன். என் குரலில் இன்னும் காரம் இருந்தது.

"எம்பேரோட ஐயான்னு சேத்து மைக்குல சொன்னது இதுதானுங்க மொத தடவ" என்றார். பிறகு மகளின் துணிப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "வேன்காரனுக்குப் போனப் போட்டு வேண்டாம்னு சொல்லிப்போடறேன். நீ உள்ள போ சாமி."

சசிரேகா உள்ளே வந்தாள். மேடம் நின்ற பக்கம் பார்க்காமல் நேராக வகுப்புக்குப் போனாள்.

அன்றைக்கு மாலையிலிருந்து ராஜ்குமார் குடியை விட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். விடவில்லை. ஆனால் புத்தகத்தில் கைவைப்பதை விட்டார் என்று வேலம்மாள் சொன்னார். குடித்துவிட்டு வந்தால் இப்போதெல்லாம் வெளியில் ஏணிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாராம். இது ஆண்டவர் செய்ததா, வெட்கம் செய்ததா என்று எனக்குத் தெரியாது.

மேடம் செய்தது எனக்குத் தெரியும். லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்று, பள்ளி வளாகத்தில் தான் குடியிருக்கும் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். சாயங்காலம் அங்கே படிப்பு. கடைசி பஸ்ஸில் பிள்ளைகளோடு தானும் ஏறி, ஒவ்வொருவரையும் இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவார். அந்த முன்னறையில் ஜெபம் கிடையாது. டீயும் பொரியும் உண்டு, என்னுடைய கணக்கும் உண்டு. சசிரேகா தவறாமல் வந்தாள். டீயை வாங்கிக்கொள்வாள், "தேங்க்ஸுங்க மேடம்" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மேடத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள்.

"இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடி இருப்பாளாம்? நொம்பத்தான் பண்றா" என்று ஒருநாள் பஸ்ஸில் மேடத்திடம் சொன்னேன்.

"அவளுக்கு எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாள்" என்றார். "நான் கேட்டது மன்னிப்பு. அதத் தாறதும் தராததும் அவ பாடு. கேட்டாச்சுன்னு தட்டிப் பறிக்க முடியுமா?"

காலை வணக்கத்தில் மைக் அணைத்த ஜெபம் அப்படியே தொடர்ந்தது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான். எங்கள் பெயரைச் சொன்னீர்களா என்று இடைவேளையில் வந்து கேட்டார்கள். சொன்னேன் என்பார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "அது எனக்கும் அவருக்கும். ஒனக்கு ஏதும் சொல்லணும்னா வந்து சொல்லு, நான் கேக்கேன்" என்பார். அதற்குப் பிறகு அவர் அறை வாசலில் இடைவேளை நேரத்தில் எப்போதும் ஒன்றிரண்டு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பேசவே பேசாத பிள்ளைகள்கூட.

பொதுத்தேர்வுக்கு முந்தின கடைசி காலை வணக்கம் வந்தது. அன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தலையில் கைவைத்து, உரக்க ஜெபிப்பது மேடத்தின் வழக்கம். இந்த வருஷம் அவர் மைக்கை விட்டு ஒதுங்கி நின்றார். "யாருக்கு விருப்பமோ அவங்க வந்து கேக்கலாம். விருப்பமில்லன்னா அதுவும் சரிதான்" என்றார். சிலர் வந்தார்கள். ஒருவன் கணக்குப் பேப்பர் லேசாக வர வேண்டும் என்று என்னைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தான். மைதானமே சிரித்தது.

அப்புறம் சசிரேகா வந்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. மேடத்தின் கை சால்வை நுனியை இறுக்கிப் பிடித்தது. என்ன சொல்லப் போகிறாள்? அந்த வியாழக்கிழமையை நானூறு பேருக்கும் மறுபடி நினைவுபடுத்தப் போகிறாளா? சொல்வதற்கு அவளுக்கு உரிமை உண்டு, நான் தடுக்கப் போவதில்லை.

அவள் மைக்குக்கு முன்னால் நின்றாள். கையை நீட்டி அதை அணைத்தாள். பிறகு திரும்பி, இத்தனை நாளாக முதுகு காட்டிய பெண், மேடத்துக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கண்ணை மூடினாள். உதடு அசையத் தொடங்கியது.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கண் திறந்திருந்தது. மேடத்தின் உதட்டில் என் பெயரைப் படித்தவள் நான், இவள் உதட்டில் யார் பெயர் வருகிறது என்று பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அப்பாவின் பெயரா, அம்மாவின் பெயரா, ரத்தினபாய் என்றா?

பத்து வருஷத்தில் முதல் தடவையாக நான் கண்ணை மூடிக்கொண்டேன். பசை தடவுகிறவன் தடவிக்கொள்ளட்டும்.

காற்றில் சில்வர் ஓக் சலசலத்தது. கொஞ்ச நேரம் கழித்து சசிரேகாவின் குரல் கேட்டது.

"மேடம், ஆமென் சொல்லுங்க."

எதற்கு என்று அவருக்கும் தெரியாது. "ஆமென்" என்றார் ரத்தினபாய் மேடம். அவர் அழுதுகொண்டே சொன்னார் என்பது கண்ணை மூடியிருந்த எனக்கே தெரிந்தது.